வாசகர் கேள்வி: பட்டனை அழுத்தியது யார்?

கேள்வி: அமெரிக்காவில் கேபிள் நிறுவனங்களின் க்ளவுட் டிவிஆர் சேவை (நிகழ்ச்சியை வீட்டுப் பெட்டியில் அல்லாமல் நிறுவனத்தின் சர்வரில் பதிந்து வைப்பது) சட்டப்படி ஓடுகிறது. டிவி ஒளிபரப்பை ஆன்டெனாவில் பிடித்து இணையம் வழியே சந்தாதாரருக்கு அனுப்பி, ஏறக்குறைய அதே வேலையைச் செய்த ஏரியோ நிறுவனத்தை மட்டும் உச்ச நீதிமன்றம் ஏன் தடுத்தது?
(வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

1984-ல் சோனியின் வீடியோ பதிவுப் பெட்டியான பீட்டாமேக்ஸ் பற்றிய வழக்கில், ஒளிபரப்பை வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது காப்புரிமையை (காப்பிரைட்) மீறாத நியாயமான பயன்பாடுதான் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அன்று பெட்டி உங்கள் வரவேற்பறையில் இருந்தது. 2006-ல் கேபிள்விஷன் நிறுவனம், பதிவை வீட்டுப் பெட்டியில் வைக்காமல் தன் சர்வரிலேயே வைக்கப்போவதாக அறிவித்ததும் ஸ்டுடியோக்களும் சேனல்களும் வழக்குப் போட்டன.

2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்த்தது. இடைநிலை நினைவகத்தில் நிகழ்ச்சி 1.2 நொடிக்கு மேல் தங்குவதில்லை. அதனால் அது 'பிரதி' ஆகாது. பதிவுப் பட்டனை அழுத்துவது சந்தாதாரர். அதனால் பிரதி எடுத்தவரும் அவரே. ஒரே தொடரை ஆயிரம் பேர் பதிந்தால் ஆயிரம் தனிப் பிரதிகள் உருவாகும், அவரவர் பிரதி அவரவருக்கு மட்டுமே போகும்; அதனால் அது பொது ஒளிபரப்பும் அல்ல. ஒரு பிரதி போதுமான இடத்தில் ஆயிரம் பிரதி வைப்பது பொறியியல் கணக்கில் வெட்டிச் செலவு. ஆனால் கேபிள்விஷனைக் காப்பாற்றியதே அந்தச் செலவுதான்.

ஏரியோ அந்தத் தீர்ப்பையே வரைபடமாக வைத்துக் கட்டப்பட்டது. சின்ன நாணயம் அளவிலான ஆன்டெனாக்களை வரிசையாக அடுக்கி, பார்க்கும் நேரத்துக்கு ஒரு சந்தாதாரருக்கு ஒன்று என ஒதுக்கியது. பிரதியும் தனித்தனி. ஆனால் கேபிள்விஷன் சேனல்களை அனுப்ப ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தது. ஏரியோ ஒரு காசும் கட்டவில்லை. கேபிள் நிறுவனங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவரத்தான் 1976-ல் காப்புரிமைச் சட்டம் மாற்றப்பட்டது, ஏரியோவும் அவற்றைப் போன்றதே, உள்ளே ஆன்டெனா எத்தனை என்பது பொருட்டல்ல என்று 2014 ஜூனில் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பானது. தீர்ப்பு நேரலையை ஒட்டிப் பார்ப்பதைப் பற்றி மட்டுமே. பதிந்து பிறகு பார்ப்பதை நீதிமன்றம் தொடவில்லை.

"அப்படியானால் கேபிளுக்குச் சட்டமே தரும் உரிமத்தைக் கொடுங்கள்" என்று ஏரியோ கேட்டது. காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. கேபிள் போல இருக்கிறாய் என்று தடுத்துவிட்டு, கேபிளுக்கான உரிமம் கிடையாது என்பது அநியாயம்தான். அந்த நவம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

கேள்வி: டிடிஎச் பெட்டியில் பென்டிரைவ் செருகிப் பதிந்த நிகழ்ச்சி கம்ப்யூட்டரில் ஓடவில்லை. பதிந்ததே குற்றமா? பூட்டை உடைக்கலாமா?
(வாசகர், மதுரை)

பதிந்தது குற்றமில்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 39-வது பிரிவு, பதிபவரின் சொந்தப் பயனுக்கான பதிவை அனுமதிக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடாததற்குக் காரணம், கோப்பு அந்தப் பெட்டியின் சாவியால் பூட்டப்பட்டிருப்பது. பெட்டி பழுதாகி வேறு பெட்டி வந்தால் பழைய பதிவுகள் அதில் திறக்காது. புதுப் பெட்டி வாங்கும்போதே, பேக் முடிந்த பிறகும் பதிவு ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டு விஷயத்தில் 2012-ல் வந்த 65ஏ பிரிவைப் பாருங்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத காரியத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் உடைத்துக் கொடுக்கும் கடைக்காரர் உங்கள் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும். அப்படி வைக்கும் கடை அரிது.

சுலபமான வழி, டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டில்லாமல் வரும் சேனல்களைச் சாதாரண எஃப்டிஏ (இலவச சேனல்களைப் பிடிக்கும்) பெட்டியில் பதிவது. நொடிக்கு 3 மெகாபிட் வந்தால் மணிக்கு 1.35 ஜிபி ஆகும். எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. நீளமான படம் பாதியில் நின்றாலோ இரண்டு துண்டாக வந்தாலோ பெரும்பாலும் காரணம் இதுதான்.

கேள்வி: அந்தப் பதிவை வாட்ஸ்ஆப் குழுவில் போடலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

கூடாது. 39-வது பிரிவின் சலுகை பதிந்தவரின் சொந்தப் பயனுக்கு மட்டும். ஒளிபரப்பாளரின் உரிமை 25 ஆண்டு நீடிக்கும். படத்தின் காப்புரிமை அதற்கு மேல் தனி.