அரிய ஜாஸ் எல்பி: உறையை நம்பலாமா?

கேள்வி: ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'அசென்ஷன்' ஆல்பம் எனக்கு வருடக்கணக்காக ஸ்ட்ரீமிங்கில் பழக்கம். இப்போது 1966 அச்சு என்று ஒருவர் சொன்னதை நம்பி எல்பி, அதாவது இசைத்தட்டு, வாங்கினேன். உறை, லேபிள் எல்லாம் சரிதான். ஆனால் நான் மனப்பாடமாக வைத்திருந்த இடங்கள் எதுவுமே வரவில்லை. போலியை என் தலையில் கட்டிவிட்டாரா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், உங்களுக்கு அடித்தது யோகமாகக்கூட இருக்கலாம். 1965 ஜூன் 28 அன்று 11 பேர் ஸ்டுடியோவில் கூடி இதை முழுசாக இரண்டு முறை வாசித்தார்கள். முதலில் எல்பியாக வந்தது அதில் ஒன்று. அப்புறம் கோல்ட்ரேனுக்கு மற்றதுதான் சரி என்று பட, அதை வெளியிட்ட இம்பல்ஸ் கம்பெனி சத்தம் போடாமல் தட்டை மட்டும் மாற்றிவிட்டது. உறையும் பழையதுதான், உறையில் உள்ள பட்டியல் எண்ணும் பழையதுதான். அதனால் கடையில் நின்று உறையை எவ்வளவு நேரம் முறைத்தாலும் பயனில்லை.

தட்டை எடுத்து விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கும், ரன்அவுட் என்பார்கள். அதில் கீறி எழுதின மாதிரி மங்கலாக 'எடிஷன் டூ' என்று இருந்தால் அது மாற்றி வந்த தட்டு. இல்லாவிட்டால் முதலில் வந்தது உங்கள் கையில் இருக்கிறது, சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான். லேபிளையும் ஒருமுறை பாருங்கள். ஆரஞ்சும் கறுப்புமாக இருந்தால் காலம் பொருந்தும். சிவப்பும் கறுப்பும் என்றால் அது 1968-க்கு அப்புறம் வந்த அச்சு, விற்றவர் சொன்ன 1966 கதை அங்கேயே முடிந்தது. சிடியில் இரண்டு வாசிப்புமே சேர்ந்து வந்துவிட்டன, அதனால் ஒப்பிட்டுக் கேட்க நீங்கள் இன்னொரு எல்பி தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: ஒரு பழைய தட்டுக்குத் தரம் 'வெரி குட்' என்று போட்டிருந்தார்கள், நம்பி வாங்கினேன். ஊசி வைத்தால் அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம். இதற்குப் பெயர் வெரி குட்டா?

பதில்: அந்த அளவுகோலில் ஆமாம், அதற்குப் பெயர் அதுதான். பழைய தட்டு விற்பவர்கள் பயன்படுத்தும் கோல்ட்மைன் தரவரிசையில் மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் பிளஸ் எல்லாம் தாண்டித்தான் வெரி குட் வருகிறது. அதாவது சத்தம் இருக்கும், பாட்டை முழுசாக மூடிவிடாது, அவ்வளவுதான். அதற்கும் கீழே உள்ள வெறும் 'குட்' பக்கமே போகாதீர்கள், பெயர்தான் குட்.

ஃப்ரீ ஜாஸ் மாதிரி கட்டுப்பாடில்லாமல் வாசிக்கும் இசையில் இன்னொரு தொல்லை. ஏழெட்டுப் பேர் ஒன்றாக ஊதித்தள்ளும் தட்டில் கொஞ்சம் பொரிந்தால் காதில் விழாது. தனி பாஸை (பெரிய வயலின் மாதிரியான வாத்தியம்) வில்லால் மெதுவாக இழைக்கிற இடத்தில், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் சும்மா இருக்கிற இடத்தில், ஒவ்வொரு 'டிக்'கும் சுத்தியல். நானே ஒருமுறை ஒரு டூயட் தட்டை இப்படி வாங்கி, அமைதியான பக்கம் முழுக்க மழை பெய்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து விற்பவரிடம் ஒரே கேள்விதான்: கண்ணால் பார்த்துத் தரம் போட்டீர்களா, ஓடவிட்டுக் கேட்டுப் போட்டீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுகிறேன். வந்த தட்டை முதலில் நன்றாகக் கழுவிப் பாருங்கள், பாதி சத்தம் அழுக்காகவே இருக்கலாம். விரல் நுனிக்குத் தட்டுப்படுகிற கீறல் மட்டும் எதற்கும் போகாது.

கேள்வி: ஜெர்மன் சாக்ஸஃபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மானின் 'மெஷின் கன்' ஆல்பத்தின் முதல் பதிப்பு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சேமிப்பில் கை வைக்கும் அளவுக்கு விலை. மறுபதிப்பில் கிடைக்காத ஒலி அதில் இருக்குமா?

பதில்: ஒலிக்காக என்றால் வேண்டாம். 1968 மே மாதம் பிரேமன் நகரத்தில் எட்டுப் பேர் பதிவு செய்தது, இரண்டு டிரம்ஸ், இரண்டு பாஸ், மூன்று சாக்ஸஃபோன், ஒரு பியானோ. பதிவே கரடுமுரடு, அந்தக் கரடுமுரடுதான் அதன் அழகும். ப்ரோட்ஸ்மான் தன் சொந்த லேபிளில், அதாவது தன் சொந்த இசைக் கம்பெனியில், 300 தட்டு மட்டும் போட்டார், பின்னால் எஃப்எம்பி என்கிற ஜெர்மன் கம்பெனி அதை மறுபடி வெளியிட்டது. நீங்கள் கொடுக்கிற பணம் அந்த 300 என்கிற எண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை. மறுபதிப்பை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தில் கேட்காத பத்து ஆல்பம் கேளுங்கள் என்பேன். பொருளாக அதன் மேல் ஆசை இருந்தால் அது வேறு கணக்கு, அதில் நான் தலையிடவில்லை.

கேள்வி: ஜாஸ் இசைக்குழுத் தலைவர் சன் ராவின் தட்டு, உறையில் கையால் வரைந்த படம். அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சன் ராவின் சாட்டர்ன் லேபிள் தட்டுகளைக் குறைந்த எண்ணிக்கையில் அச்சடித்துக் கச்சேரிகளில் விற்றார்கள், உறைகளைக் குழுவினரே வரைந்து ஒட்டினார்கள். ஒரே ஆல்பம் இரண்டு பேரிடம் இரண்டு முகத்தோடு இருக்கும், உறை ஒன்றும் தட்டு வேறொன்றுமாகக்கூட வரும். எதுவுமே ஒரே மாதிரி இல்லாத இடத்தில் மார்க்கர் பேனா வைத்திருக்கிற யாரும் இன்றைக்கு ஓர் 'அசல்' வரைந்துவிடலாம். அதனால் முதலில் ரன்அவுட்டில் உள்ள எண்ணைப் புகைப்படமாகக் கேட்டு வாங்கி, டிஸ்காக்ஸ் என்கிற இசைத்தட்டுத் தகவல் தளத்தில் அந்தப் பதிப்புக்குப் பதிவாகியிருப்பதோடு ஒத்துப்பாருங்கள். தட்டு ஒத்துப்போனால் தட்டுக்கு உள்ள விலையைக் கொடுங்கள். படத்துக்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்டால், அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பம், புது எல்பி, 180 கிராம், ஐரோப்பிய அச்சு, மலிவு. திருட்டுப் பதிப்பா?

பதில்: அங்கே சட்டப்படி குற்றமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமையை 50 வருடத்திலிருந்து 70 ஆக நீட்டியபோது, ஏற்கெனவே காலாவதியானவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-இல் வெளிவந்த இது அதில் அடக்கம். யாரும் அச்சடிக்கலாம் என்பதால் மூல டேப் இல்லாமல் சிடியிலிருந்து எடுத்தும் அடிக்கலாம். 180 கிராம் என்பது பிளாஸ்டிக்கின் எடை, ஒலியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எதிலிருந்து எடுத்தது, யார் மாஸ்டரிங் (அச்சுக்கு முன் ஒலியைச் சரிசெய்வது) என்று பின்னட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். அப்புறம், இதை முதலில் வெளியிட்ட அட்லாண்டிக் கம்பெனியின் முதல் உறையில் ஒரு மூலையில் ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ளே இருக்கும் ஜாக்சன் போலாக் ஓவியத்தின் ஒரு துண்டு மட்டும் தெரியும், விரித்தால்தான் முழுப் படம். மலிவுப் பதிப்பில் அந்த ஜன்னல் இருக்கும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.