ஜூனியர் ஹாக்கிக்காகக் கல்லூரிச் சேமிப்பைத் தொடலாமா?

கேள்வி: மிச்சிகன் மாநிலம் கேண்டனில் வசிக்கிறோம். என் மகனுக்கு 18 வயது. ஐந்து வயதிலிருந்து ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். வரும் ஜூனில் பள்ளிப்படிப்பு முடிகிறது. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படிக்க இடமும், ஆண்டுக்கு 4,000 டாலர் உதவித்தொகையும் கிடைத்திருக்கின்றன. இதற்கிடையே வேறு மாநிலத்தில் உள்ள மூன்றாம் அடுக்கு ஜூனியர் அணி ஒன்று அவனை அழைத்திருக்கிறது. பருவக் கட்டணம் 12,000 டாலர். தங்கும் வீட்டுக்கு மாதம் 550 டாலர், ஏழு மாதம். இரண்டு ஆண்டுகள் ஆடினால், கல்லூரி விளையாட்டின் உச்சமட்டமான முதல் பிரிவில் ஆடும் ஒரு கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகையுடன் இடம் கிடைக்கும், போட்ட பணம் திரும்பி வந்துவிடும் என்கிறார் பயிற்சியாளர். கல்லூரிச் செலவுக்காக வரிச்சலுகையுடன் சேமிக்கும் எங்கள் 529 கணக்கில் 68,000 டாலர் உள்ளது. அதில் 26,000 முதலீட்டு வளர்ச்சி. அதிலிருந்து எடுக்கலாமா, அல்லது கணவரின் ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே கணக்கில் கடன் வாங்கலாமா? அவர் வாகன உதிரிபாக நிறுவனத்தில் பணிபுரிகிறார். மாதம் 1,900 டாலர் மிஞ்சுகிறது. அவசரச் சேமிப்பு 14,000. மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். முன்பணம் 2,500 டாலரைப் பத்து நாளில் கட்டச் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தை இணைத்துள்ளேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 529 கணக்கைத் தொடாதீர்கள். 401கே கடனும் வேண்டாம். உங்கள் மகன் ஆட விரும்பினால், ஓர் ஆண்டுக்கு மட்டும், மாத மிச்சத்திலிருந்தும் அவருடைய சொந்தச் சம்பாத்தியத்திலிருந்தும், 18,000 டாலர் என்ற உச்ச வரம்புக்குள் செலவிடலாம். ஆனால் பல்கலைக்கழகம் இடத்தையும் உதவித்தொகையையும் ஓராண்டு ஒத்திவைப்பதாக எழுத்தில் உறுதி தந்த பிறகே முன்பணம் கட்டுங்கள். மகனின் ஆசைக்காகக் குடும்பம் மனமுவந்து செய்யும் செலவாக இதைக் கருதுங்கள்; முதலீடு என்று எண்ணிக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணம் திரும்பி வரும் என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இந்த லீக்குகள் அமைந்திருக்கும் விதமே காரணம் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஜூனியர் ஹாக்கி என்பது, பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரையுள்ளவர்கள் கல்லூரிக்கோ தொழில்முறை ஆட்டத்துக்கோ போவதற்கு முன்பு ஆடும் கட்டமாகும். கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் பள்ளி முடித்தவர் நேரே கல்லூரி அணிக்குப் போகிறார். ஹாக்கியிலோ முதலாண்டு மாணவர் 20, 21 வயதில் கல்லூரிக்குள் நுழைவது மிக இயல்பானது. இடையில் விழும் அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில்தான் இந்த லீக்குகள் வளர்ந்தன. அமெரிக்க ஹாக்கியை நிர்வகிக்கும் யுஎஸ்ஏ ஹாக்கி என்ற அமைப்பு அவற்றை மூன்று அடுக்குகளாகப் பிரித்திருக்கிறது. முதல் அடுக்கில் இருப்பது யுஎஸ்ஹெச்எல் ஒன்றுதான். 1947இல் பெரியவர்களுக்கான லீக்காகத் தொடங்கிய அது, 1979இல் முழுவதும் ஜூனியர் லீக்காக மாறி, 2002இல் முதல் அடுக்குத் தகுதியைப் பெற்றது. அங்கே ஆடுபவர் கட்டணம் செலுத்துவதில்லை. டெமாய்ன், வாட்டர்லூ, ஒமாஹா, ஃபார்கோ போன்ற நகரங்களில் அனுமதிச்சீட்டு விற்பனையும் உள்ளூர் விளம்பரதாரர்களும் அணியைத் தாங்குகிறார்கள். உங்கள் பக்கத்து ஊரான ப்ளைமவுத்தில் 2015 முதல் பயிலும் தேசிய இளையோர் அணியும் அந்த லீக்கில்தான் ஆடுகிறது. உங்கள் மகன் பார்த்து வளர்ந்தது அந்த உச்சிப்படியைத்தான். இப்போது அழைப்பு வந்திருப்பது அதற்கு இரண்டு படி கீழே.

இரண்டாம் அடுக்கில் இருப்பது என்ஏஹெச்எல். 1975இல் கிரேட் லேக்ஸ் ஜூனியர் ஹாக்கி லீக் என்ற பெயரில் தொடங்கிய அது, இன்று அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸிலிருந்து டெக்ஸஸின் கார்பஸ் கிறிஸ்டி வரை பரவியிருக்கிறது. கார்பஸ் கிறிஸ்டியும் ஒடெஸாவும் இந்த வளர்ச்சியின் பொருளாதாரத்தை நன்றாகக் காட்டும் ஊர்கள். அங்கே முன்பு சிறு தொழில்முறை அணிகள் ஆடின; வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாத நிலையில், அரங்கமும் ரசிகர்களும் அப்படியே இருக்க, 2010, 2011ஆம் ஆண்டுகளில் அந்த இடத்தில் ஜூனியர் அணிகள் வந்து அமர்ந்தன. சம்பளம் என்ற பெருஞ்செலவு நீங்கியதும் அதே அரங்கம் கட்டுப்படியாகிவிட்டது. இந்த அடுக்கிலும் ஆட்டக் கட்டணம் கிடையாது. தங்கும் வீட்டுச் செலவு மட்டும் பொதுவாகக் குடும்பத்தின் பொறுப்பு.

மூன்றாம் அடுக்கில்தான் பணம் வேறு திசையில் ஓடுகிறது. என்ஏ3ஹெச்எல், இஹெச்எல் போன்ற லீக்குகளின் ஆட்டங்களுக்கு வரும் கூட்டம் சிறியது. பனித்தள வாடகை, பேருந்து, பயிற்சியாளர் சம்பளம் ஆகியவற்றின் பெரும் பங்கு பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. இந்த மூன்றடுக்குக்கு வெளியேயும் ஒரு பெரிய அமைப்பு உண்டு. 2012இல் உருவான யுஎஸ்பிஹெச்எல், 2017இல் தன் மேல்மட்டப் பிரிவுக்கு இரண்டாம் அடுக்குத் தகுதி கேட்டு, அது மறுக்கப்பட்டதும் யுஎஸ்ஏ ஹாக்கியின் அங்கீகாரத்திலிருந்து விலகிக்கொண்டது. அதன் மேல்பிரிவில் கட்டணம் இல்லை, கீழ்ப்பிரிவுகளில் உண்டு. மூன்றாம் அடுக்கில் நேர்மையாகவும் அக்கறையோடும் நடத்தப்படும் அணிகள் நிறைய உண்டு, அங்கிருந்து மேலே போனவர்களும் உண்டு. ஆனால் வருவாய் பெற்றோரிடமிருந்து வரும்போது, 25ஆவது இடத்துக்கு ஒரு பையனைச் சேர்த்துக்கொள்வதில் அணிக்கு இழப்பு எதுவும் இல்லை என்பதையும், உங்களுக்கு அறிவுரை சொல்பவரே உங்களிடம் இடத்தை விற்பவராகவும் இருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது, அவர் காட்டும் கல்லூரி இடம். முதல் பிரிவில் ஆண்கள் ஹாக்கி அணி உள்ள கல்லூரிகள் நாடு முழுவதும் அறுபதுக்குச் சற்று மேல்தான். அவற்றில் ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தருவதே இல்லை. இந்தக் குறைந்த இடங்களுக்கும் 2025இல் நெருக்கடி கூடிவிட்டது. கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களை அதுவரை தொழில்முறை வீரர்களாகக் கருதி ஒதுக்கி வந்த, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு, 2024 நவம்பரில் எடுத்த முடிவின்படி, 2025 ஆகஸ்ட் 1 முதல் அவர்களுக்கும் கதவைத் திறந்தது. அந்த ஆண்டின் மிகவும் பேசப்பட்ட இளம் வீரரான கேவின் மெக்கென்னாவே கனடாவின் மெடிசின் ஹாட் அணியை விட்டுப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஏறத்தாழ அறுபது அணிகளின் வீரர்கள் ஒரே ஆண்டில் போட்டிக்குள் வரும்போது, யுஎஸ்ஹெச்எல்லில் ஆடி இடம் பெற்றிருக்க வேண்டியவர் என்ஏஹெச்எல் வீரரின் இடத்தையும், அவர் அடுத்தவரின் இடத்தையும் எடுத்துக்கொள்கிறார். கடைசிப் படியில் நிற்பவருக்கு இடமே இல்லாமல் போகிறது. அதே ஆண்டில், வீரர்களுக்கு வருவாய்ப் பங்கு தரும் நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில், ஓர் அணிக்கு 18 முழு உதவித்தொகை என்ற பழைய வரம்பு நீங்கி, அணியில் 26 பேர் மட்டுமே என்ற வரம்பு வந்தது. உதவித்தொகைக்கான பணம் கூடலாம்; ஓரத்தில் நிற்பவருக்கான இடம் குறைந்துவிட்டது.

ஆகவே மூன்றாம் அடுக்கிலிருந்து கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு நடைமுறையில் திறந்திருப்பவை பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, என்சிஏஏ மூன்றாம் பிரிவு. அங்கே நல்ல ஹாக்கி உண்டு, ஆனால் விளையாட்டு உதவித்தொகை விதிப்படியே கிடையாது. அந்தக் கல்லூரிகளில் பலவும் தனியார் கல்லூரிகள் என்பதால், தேவை, மதிப்பெண் அடிப்படையிலான உதவிகள் போக நீங்கள் கட்ட வேண்டியது இப்போது கையில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும். மற்றொன்று, ஏசிஹெச்ஏ என்ற கல்லூரிக் கழக அணிகளின் அமைப்பு. அதில் மாணவர்களே சந்தா கட்டி ஆடுகிறார்கள். உங்கள் மகனுக்கு இடம் தந்திருக்கும் பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் அணி இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். இருந்தால், இரண்டு ஆண்டும் 45,000 டாலருக்கு மேலும் செலவழித்துப் போய்ச் சேரக்கூடிய இடத்துக்கு, படிப்பைத் தொடங்கிக்கொண்டே வரும் செப்டம்பரில் அவர் நேரடியாகத் தேர்வுக்குப் போகலாம். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது மிக முக்கியம் என்று நினைக்கிறேன்.

45,000 என்று சொன்னதற்குக் கணக்கு இது. கட்டணம் 12,000, தங்கும் வீடு 3,850, மட்டைகளும் மற்ற உபகரணங்களும் 2,500, நீங்கள் போய்ப் பார்த்து வரும் பயணம் 3,000, அவருடைய காருக்கான செலவு 1,500 என்று வைத்தால் ஒரு பருவத்துக்கு 22,850 டாலர், இரண்டு பருவத்துக்கு 45,700. உபகரணத்துக்கு இவ்வளவா என்று தோன்றலாம். இன்றைய உயர்தரக் கார்பன் மட்டை ஒன்றே 300 டாலரைத் தாண்டுகிறது, அது முதல் ஆட்டத்திலேயே முறிந்தாலும் வியப்பதற்கில்லை. உதவித்தொகை ஒத்திவைக்கப்படாமல் கைநழுவினால் நான்கு ஆண்டுக்கு 16,000 டாலரையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

529 கணக்கை ஏன் தொடக் கூடாது என்றால், ஜூனியர் அணிக் கட்டணம் அந்தத் திட்டம் ஏற்கும் கல்விச் செலவு அல்ல. 22,850 டாலரை எடுத்தால், கணக்கில் வளர்ச்சியின் விகிதப்படி அதில் ஏறத்தாழ 8,740 டாலர் வளர்ச்சியாகக் கருதப்படும். நீங்கள் 22 விழுக்காடு கூட்டாட்சி வரி அடுக்கில் இருப்பதாகக் கொண்டால், அந்த வரி, 10 விழுக்காடு கூடுதல் வரி, மிச்சிகனின் 4.25 விழுக்காடு ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 3,170 டாலர் போய்விடும். முன்பு நீங்கள் பெற்ற மாநில வரிக்கழிவும் திரும்பக் கேட்கப்படலாம். அதேவேளை, அந்தப் பணம் வீணாகிவிடும் என்ற அச்சமும் தேவையில்லை. மகனுக்கு உதவித்தொகை கிடைத்தால் அந்தத் தொகை அளவுக்கு 10 விழுக்காடு கூடுதல் வரி இல்லாமல் எடுக்கலாம். மகளின் பெயருக்கு மாற்றலாம். கணக்கு தொடங்கி 15 ஆண்டு ஆகியிருந்தால், ஆண்டு வரம்புகளுக்கு உட்பட்டு, மொத்தம் 35,000 டாலர் வரை மகனின் ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கும் கொண்டுபோகலாம்.

401கே கடனைப் பொறுத்தவரை, வட்டி நமக்கே வருவதால் அதில் ஆபத்து இல்லை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டில் எனக்குக் கவலை தருவது கணவரின் தொழில். வாகனத் துறையில் ஆட்குறைப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை போனால், அந்த ஆண்டுக்கான வரித் தாக்கல் கெடுவுக்குள் கடன் பாக்கியை ஈடுகட்டாவிட்டால் அது முன்கூட்டியே எடுத்த பணமாகக் கருதப்பட்டு வரியும், பெரும்பாலோருக்கு 10 விழுக்காடு கூடுதல் வரியும் விழும். வருமானம் நின்ற மாதத்தில் அந்தச் சுமை வருவதைத் தாங்க 14,000 டாலர் அவசரச் சேமிப்பு போதாது.

ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். முழுக் கட்டணமும் அக்டோபர் 1க்குள் செலுத்தப்பட வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது. அணி தன் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் வீரரை விடுவிக்கலாம் அல்லது வேறு அணிக்கு மாற்றலாம். ஆனால் வீரர் அணியின் ஒப்புதல் இன்றி விலக முடியாது. அணியே நடுவில் நின்றுபோனால் என்ன என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு அதுதான் நடந்தது. ஜனவரியில் அணி மூடப்பட்டது, பூட்டிய அரங்கத்துக்குள் பையனின் ஸ்கேட்டுகளும் பையும் இரண்டு வாரம் கிடந்தன, கட்டிய பணத்தில் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை. ஆகவே கட்டணத்தை மாதத் தவணையாகப் பிரிக்கவும், அணி விடுவித்தாலோ மூடப்பட்டாலோ எஞ்சிய தவணைகள் ரத்தாகவும் எழுத்தில் கேளுங்கள். அணி யாருடைய அங்கீகாரத்தில் ஆடுகிறது, காயத்துக்கான விபத்துக் காப்பீடு யாருடையது என்றும் கேளுங்கள். 26 வயது வரை மகன் உங்கள் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம். ஆனால் வேறு மாநிலத்தில் அவசர சிகிச்சைக்கு அப்பால் எலும்பு மருத்துவர், பிசியோதெரபி ஆகியவற்றுக்கு அது பணம் தருமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடமே தெரிந்துகொள்ள வேண்டும்.

மே முதல் மார்ச் வரை 11 மாதம், மாதம் 1,350 டாலர் ஒதுக்கினால் 14,850 வரும். மகன் கோடையில் சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவராகவோ, ஸ்கேட்டிங் வகுப்புகளில் உதவியாளராகவோ வேலை செய்து 3,000 சேர்த்தால் 17,850. மீதமுள்ள 5,000 டாலர் இடைவெளியைக் கட்டணக் குறைப்பு, உங்கள் பயணத்தை ஓரிரு முறையோடு நிறுத்துதல், பழைய உபகரணங்களையே பயன்படுத்துதல் ஆகியவற்றால் அடைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இந்த அணி உங்கள் வசதிக்கு மேற்பட்டது. மாத மிச்சத்தில் எஞ்சும் 550 டாலர் அவசரச் சேமிப்புக்கும் மகளின் படிப்புக்கும் போகட்டும். அண்ணனின் ஆட்டத்துக்காக எட்டாம் வகுப்பில் படிக்கும் பெண்ணின் பங்கு சத்தமில்லாமல் கரைவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டைப் பற்றி இப்போதே பேசி முடித்துவிடுங்கள்: கட்டணம் இல்லாத இரண்டாம் அடுக்கு அணி அழைத்தால் அப்போது யோசிக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த ஆகஸ்டில் கல்லூரி. இந்த உரையாடலில் மகனையும் உட்கார வைத்து, மேலே உள்ள எண்களை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பத்து நாள் கெடுவில் முதல் இரண்டு நாளுக்குள் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, இடத்தோடு உதவித்தொகையும் ஒத்திவைக்கப்படுமா, இடைப்பட்ட ஆண்டில் சமுதாயக் கல்லூரியில் பாடங்கள் எடுத்தால் அதற்குப் பாதிப்பு உண்டா என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் கெடுவை இரண்டு வாரம் நீட்டிக்கும்படி அணிக்கு எழுதுங்கள்.