பேட்டரி மறுசுழற்சிக்காக கெமிக்கல் படிக்கிறேன் என்கிறாள் பொண்ணு, விடலாமா?

வணக்கம் அம்மா. நல்ல கட்-ஆஃப் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று தெரிந்தும், பேட்டரி மறுசுழற்சித் துறைக்குத்தான் போவேன் என்று பொண்ணு ஒற்றைக்காலில் நிற்கிறாள், சொந்தக்காரர்களோ பழைய பேட்டரி உடைக்கவா இன்ஜினியரிங் என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகட்டும். ஆனால் பேட்டரி, மறுசுழற்சி என்று பெயர் போட்ட புதுசு புதுசான கோர்ஸ் எதையும் தேட வேண்டாம். கெமிக்கல், மெட்டலர்ஜி (உலோகவியல்), எலக்ட்ரோகெமிக்கல் (மின்வேதியியல்) இந்த மூன்றில் ஒன்றை எடுத்து நான்கு வருடம் உருப்படியாகப் படிக்கட்டும்.

உடைக்கிற வேலை என்கிறார்களே, அது என்ன என்று பார்த்துவிடுவோம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தயாராகும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. ஆயுள் முடிந்து திரும்பி வரும்போது அதில் மிச்சமிருக்கும் சார்ஜை முதலில் இறக்க வேண்டும், இல்லையென்றால் அரைக்கும்போது தீப்பிடித்துவிடும். பிறகு காற்றுப் படாமல் அரைத்து, காப்பர், அலுமினியம், பிளாஸ்டிக் எல்லாம் பிரித்த பிறகு கடைசியில் ஒரு கறுப்புத் தூள் மிஞ்சும். துறையில் அதை பிளாக் மாஸ் என்பார்கள். நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ், லித்தியம், கிராஃபைட் எல்லாம் அந்தத் தூளுக்குள்தான் இருக்கின்றன. அதை சல்ஃப்யூரிக் அமிலத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துக் கரைத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவை மெல்ல ஏற்றி இரும்பையும் அலுமினியத்தையும் வீழ்படிவாக இறக்கி, கோபால்ட்டையும் நிக்கலையும் கரைப்பான் கொண்டு தனித்தனியாகப் பிரித்தெடுத்து, முடிவில் சோடியம் கார்பனேட் சேர்த்தால் லித்தியம் கார்பனேட் வெள்ளைத் தூளாக வந்து விழும். உங்கள் பொண்ணின் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், முதல் பாடமே உலோகவியல், இரண்டாம் தொகுதியில் மின்வேதியியல் இருக்கிறது. இந்த வேலை முழுக்க அந்த இரண்டு பாடங்களின் தொடர்ச்சிதான். அவளுக்கு அந்தப் பாடங்கள் பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், மார்க் எவ்வளவு என்று கேட்க வேண்டாம்.

இந்த வேலைக்கு எதிர்காலம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. லித்தியம், கோபால்ட், நிக்கல் மூன்றுக்கும் நம் நாடு வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறது, உலகத்துக் கோபால்ட்டில் 70 சதவீதத்துக்கு மேல் காங்கோ என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்து, பேட்டரி விற்கிற நிறுவனமே அதைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு என்று ஆக்கியது. மின்வாகனப் பேட்டரியிலிருந்து மீட்க வேண்டிய பொருளின் அளவு 2024-25ல் 70 சதவீதம், 2026-27 முதல் 90 சதவீதம். 2025 செப்டம்பரில் முக்கியக் கனிமங்களை மறுசுழற்சி மூலம் எடுப்பதற்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கும் ஒப்புதல் கொடுத்தார்கள். நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 70,000 வேலை வரும் என்பது அரசின் மதிப்பீடு. மதிப்பீடுதான் அம்மா, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லை, அதை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2022 கடைசியில் உச்சத்தில் இருந்த லித்தியம் விலை இரண்டே வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. கனடாவில் லி-சைக்கிள் என்று பெரிதாகப் பேசப்பட்ட மறுசுழற்சி நிறுவனம் 2025 மே மாதம் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது, அப்புறம் கிளென்கோர் என்கிற பெரிய சுரங்க நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பேட்டரியும் மாறிக்கொண்டே இருக்கிறது, இப்போது ஆட்டோ, பஸ் எல்லாம் எல்எஃப்பி என்கிற இரும்பு பாஸ்பேட் வகைக்குப் போகின்றன, அதில் கோபால்ட்டும் கிடையாது, நிக்கலும் கிடையாது, எடுத்து விற்க லித்தியமும் கொஞ்சம் காப்பரும்தான். அதனால்தான் அடிப்படைப் படிப்பை எடுக்கச் சொல்கிறேன். கெமிக்கல் தெரிந்த பொண்ணு இந்தத் துறை தடுமாறினால் மருந்து, பெயின்ட், உரம், சுத்திகரிப்பு ஆலை என்று எங்கேயும் போவாள். பேட்டரி மறுசுழற்சி மட்டுமே தெரிந்தவளுக்கு அந்த வசதி இல்லை.

சரி, எங்கே படிக்கலாம்? என்னைக் கேட்டால் முதலில் காரைக்குடி சிக்ரி. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1948ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. அங்கேயே கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் பி.டெக் இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழக இணைப்பு. வருடம் முழுக்கப் பேட்டரியோடு வாழ்கிற விஞ்ஞானிகள் இருக்கும் வளாகத்தில் இளநிலை படிப்பது எல்லோருக்கும் கிடைப்பதில்லை, இவ்வளவு நல்ல இடம் நம் ஊரில் இருந்தும் பாதிப் பெற்றோருக்கு அதன் பெயரே தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அது கிடைக்காவிட்டால் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி.டெக்கில் கெமிக்கல், சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலோ கோவை பிஎஸ்ஜி டெக்கிலோ மெட்டலர்ஜி. ஜேஇஇ எழுதியிருந்தால் திருச்சி என்ஐடியில் இரண்டுமே உண்டு. ஆராய்ச்சிப் பக்கம் போக ஆசை வந்தால் பிறகு முதுநிலைப் படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதலாம்.

படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போது ஒரு விஷயத்தை அவள் கட்டாயம் பார்க்க வேண்டும். நேர்முகத்தில் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் ஆலை பிளாக் மாஸ் வரைக்கும்தானா, இல்லை உலோக உப்பு வரை போகிறீர்களா? அரைத்துத் தூளாக்கி வேறு யாருக்கோ விற்றுவிடுகிற இடத்தில் கெமிக்கல் இன்ஜினியருக்குக் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது, இரண்டு வருடத்தில் சலித்துவிடும். கரைத்து, பிரித்து, பேட்டரிக்குத் திரும்பப் போகிற தரத்தில் நிக்கல் சல்ஃபேட்டும் லித்தியம் கார்பனேட்டும் எடுக்கிற ஆலையில்தான் அவள் படிப்புக்கு வேலை இருக்கிறது. ஆய்வகமும் அங்கேதான் பெரிதாக இருக்கும், ஒவ்வொரு தொட்டியிலும் எந்த உலோகம் எவ்வளவு என்று மணிக்கு மணி பார்த்துச் சொல்கிற ஆள் இல்லாமல் அந்த ஆலை ஓடாது.

அடுத்தது உடம்பு. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது, ஆனால் உங்கள் பயம் முழுக்க அதில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பயப்பட வேண்டிய இடமும் அதுதான். பெட்ரோல், டீசல் கார்களிலும் பெரும்பாலான இன்வெர்ட்டர்களிலும் உள்ள பேட்டரியில் இருப்பது ஈயம். நம் நாட்டில் காலங்காலமாக நடக்கும் பேட்டரி மறுசுழற்சி அதுதான், இப்போதும் வேலை அதிகம் அதில்தான். ஒழுங்கான ஆலையில் உடைப்பது முதல் உருக்குவது வரை மூடிய எந்திரத்தில் நடக்கும். ஒழுங்கில்லாத இடத்தில் கோடரியால் பிளந்து, அமிலத்தைத் தரையில் ஊற்றி, திறந்த அடுப்பில் உருக்குவார்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, வேலை செய்கிறவரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்ப காலத்தில் தாயிடமிருந்து சிசுவுக்குப் போகும். ஆகவே ஈய ஆலை என்றால், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கிறதா, ரத்தத்தில் ஈய அளவை அவ்வப்போது பரிசோதிக்கிறார்களா, வேலை முடிந்து குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறார்களா என்று மூன்றையும் கேளுங்கள். ஒன்றுக்கு மழுப்பினாலும் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வேண்டாம். லித்தியம் பக்கம் ஈயம் இல்லை, ஆனால் தீயும், பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவத்தில் ஈரம் பட்டால் வரும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வாயுவும் உண்டு, அங்கே கேட்க வேண்டியது தீத்தடுப்புப் பயிற்சியும் காற்றைச் சுத்தம் செய்யும் ஏற்பாடும்.

சம்பளம் ஆரம்பத்தில் ஐடி வேலை அளவுக்கு இருக்காது. ஷிப்ட் இருக்கும், ஆலை ஊருக்கு வெளியே இருக்கும், பெரிய நிறுவனங்கள் பல வடக்கே இருப்பதால் கொஞ்ச காலம் நொய்டா பக்கம் போக வேண்டியும் வரலாம். இதையெல்லாம் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், தெரிந்து எடுக்கிற முடிவாக இருக்கட்டும்.

பத்தாவது முடித்த தம்பிக்கும் இதில் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. ஐடிஐயில் கெமிக்கல் பிளான்ட் ஆபரேட்டர் பிரிவு இருக்கிறது, மின்வாகன மெக்கானிக் பிரிவும் வந்திருக்கிறது. வண்டியிலிருந்து கழற்றிய பேட்டரியில் பெரும்பாலும் முக்கால் பங்கு திறன் மிச்சமிருக்கும், அதைச் சோதித்துத் தேறியதை சோலார் சேமிப்புக்கு மாற்றுகிற வேலைக்கு இந்த இரண்டாவது பிரிவுப் பையன்கள் பொருந்துவார்கள். பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமோ கிடைத்தால் அதை எடுக்கட்டும், பிறகு நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேரும் வழி அவனுக்குத் திறந்திருக்கும்.