பண்ருட்டிப் பலாக்கொட்டையும் இரண்டு மாதக் கோடையும்

அன்புள்ள ஐயா,

விழுப்புரம் பக்கம் ஒரு சிறிய கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. தாவரப் பாதுகாப்பில் ஏதாவது செய்ய ஆசை. வீட்டில், "ரெண்டு மாசத்துல என்ன ஆராய்ச்சி? கம்ப்யூட்டர் கிளாஸ் போ" என்கிறார்கள். எங்கள் லேபிலும் பெரிய கருவிகள் கிடையாது. என்னால் பயனுள்ளதாக ஏதும் செய்ய முடியுமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

முடியும். ஃபெலோஷிப் கிடைக்காததற்காக வருந்தாதீர்கள். அடுத்த முறையும் விண்ணப்பியுங்கள். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு பதினைந்து நாளில் நாலு கருவிகளைக் காட்டிச் சான்றிதழ் கொடுக்கும் பயிற்சிகளுக்கு மட்டும் போகாதீர்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு இருக்கிறது. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சியிருக்கும் துண்டுகளில் அதுவும் ஒன்று. வீரை, காயா, பாலை போன்ற மரங்கள் உள்ள காடு இது. இப்படிப்பட்ட காட்டை மீட்க நினைத்து நாற்றங்கால் போடுகிறவர்கள் முதலில் கேட்பது மூன்று கேள்விகள்தான்: பழம் எப்போது பழுக்கும், விதையை எத்தனை நாள் வைக்கலாம், நூற்றுக்கு எத்தனை முளைக்கும்? இதற்கு விடை தேடப் பெரிய கருவி வேண்டாம். பொறுமையாக எண்ணும் ஒருவர் வேண்டும்.

விதை வங்கி என்றதும் எல்லாவற்றையும் உலர்த்தி, உறைய வைத்து, நூறாண்டு காக்கலாம் என்று தோன்றும். நெல்லும் கேழ்வரகும் அதற்கு ஒத்துக்கொள்ளும். மா, பலா, நாவல் ஒத்துக்கொள்ளாது. காய்ந்தால் அவற்றின் உயிர் போய்விடும். வேம்பு இரண்டுக்கும் நடுவில், சில வாரங்களில் முளைப்புத்திறன் சரிந்துவிடும். அதனால் ஒரு காட்டுமரம் இதில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அதன் விதையைச் சேமிக்கவே முடியாது.

பண்ருட்டிப் பலா தெருவுக்கு வரும் நேரம் இது. சுளையை வீட்டில் கொடுத்துவிட்டுக் கொட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தால் சாகும் என்று ஏற்கெனவே தெரிந்த இதுதான் உங்கள் ஒப்பீட்டு விதை. அதோடு கோயில்காட்டில் இந்தக் கோடையில் எது பழுக்கிறதோ, அந்த மரம் ஒன்று. பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டு, உதிர்ந்த பழத்தை மட்டும், பல மரங்களின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்குங்கள். கிளையை ஒடிக்கக்கூடாது என்று அந்த ஊர் வைத்திருக்கும் கட்டுப்பாடுதான் காட்டை இதுவரை காத்தது. எந்த மரத்து விதை என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் எழுதுங்கள்.

சதையைக் கழுவி, மூன்று பங்காகப் பிரியுங்கள். முதல் பங்கை அன்றே விதையுங்கள், அடுத்ததை நிழலில் ஒரு வாரம் காயவைத்து, மூன்றாவதை மூன்று வாரம் காயவைத்து. பங்குக்கு 100 விதை, 25 வீதம் நான்கு மணல் தட்டுகள். விதைக்கும் நாளில் தனியாகச் சில விதைகளை நறுக்கி எடைபோட்டு, வேதியியல் லேபின் மின் அடுப்பில் (ஓவன்) 103 டிகிரி செல்சியஸில் 17 மணி நேரம் வைத்து மறுபடி எடைபோடுங்கள். குறைந்த எடைதான் ஈரம். பிறகு தினமும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். முளைக்காததைத் தூக்கி எறியாதீர்கள், வெட்டிப் பாருங்கள். அழுகியதா, பூச்சி குடைந்ததா, உள்ளே ஒன்றுமே இல்லையா, கெட்டியாக வெள்ளையாக இருக்கிறதா? கெட்டியாக இருந்தால் அது இறக்கவில்லை, உறங்கிக்கொண்டிருக்கலாம். இந்த வேறுபாட்டை எழுதாத குறிப்பேடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். பூச்சியமும் ஒரு முடிவுதான், அதையும் எழுதுங்கள்.

நடுவில் இரண்டு நாள் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் ஹெர்பேரியத்துக்கு (உலர்த்திய செடிகொடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம்) அனுமதி கேட்டுப் போய் வாருங்கள். 1967-இல் தொடங்கியது. உங்கள் மரத்தின் உலர்மாதிரித் தாள்களைப் பார்த்து, சேகரித்த மாதம், இடம், பூவா காயா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடங்களில் ஒன்றிரண்டுக்குப் போய், மரம் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். ஓர் இனம் அழியும் நிலையில் இருக்கிறதா என்று மதிப்பிடும்போது அது எங்கெங்கே எவ்வளவு பரப்பில் பரவியிருக்கிறது என்பதும் கேட்கப்படும். அதற்கு ஆதாரமாகப் பழைய தாள்களும் பயன்படும்.

வீட்டாரிடம் வாதாட வேண்டாம். தட்டைத் தாழ்வாரத்தில் வையுங்கள். முதல் பலாக்கன்று தலைதூக்கும்போது அம்மாவையும் எண்ணச் சொல்லுங்கள்.

ஆனியில் வேம்பு பழுக்கும். அப்போது கல்லூரி திறந்திருக்கும், லேப் ஜன்னலோரம் அதற்கும் ஒரு தட்டு வையுங்கள். மூன்றாம் வாரத்து எண்ணிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.