அப்பாவின் மறதி, தம்பியின் பதிவு

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. கொண்டலாம்பட்டியில் 40 வருடம் விசைத்தறி ஓட்டினார்; விட்டு இரண்டு வருடமாகிறது. கேட்டதையே திரும்பக் கேட்கிறார், சொன்னால் ‘எப்போ சொன்னே?’ என்கிறார். டிவி சத்தமோ தெருமுனை வரை கேட்கிறது. சர்க்கரைக்கு 9 வருடமாக மெட்ஃபார்மின். வல்லாரை கொடுத்தால் சரியாகுமா? பி.காம். முடித்த தம்பிக்கு (31) மில்லில் கணக்கு வேலை போய் இரண்டு மாதம். அரசு உதவித்தொகை கிடைக்குமா?
– வாசகி, சேலம்

பதில்: வல்லாரை நல்ல கீரை, துவையல் அரைத்துப் போடுங்கள். மருந்தென்று நம்பி நாளை ஓட்டிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் மறதியைக் காட்டிலும் அந்த டிவி சத்தம்தான் கண்ணில் படுகிறது. தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். அந்த இரைச்சலில் வருடக்கணக்காக நின்ற காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர் ஒலிகளை. ‘ச’, ‘த’ மாதிரி எழுத்துகள் மழுங்கிவிடும். பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது பிடிபடாது. காதில் முழுதாக விழாத சொல் மனத்தில் எங்கே தங்கும்? வீட்டில் அதற்கு மறதி என்று பெயர். இன்னொரு பக்கம், 2024-ல் லான்செட் ஆணையம் பட்டியலிட்ட, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது கேளாமையும் ஒன்று.

ஆகவே முதலில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு. குறும்பி இருந்தால் எடுத்த பிறகுதான் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனை. அடைப்போடு எடுத்தால் அளவு தப்பும். காதுக்கருவி எழுதிக் கொடுத்தால், முதல் வாரம் அமைதியான அறையில் தினம் இரண்டு மணி நேரம் மட்டும் போடட்டும். எடுத்த எடுப்பில் பஸ் ஸ்டாண்டுக்குப் போட்டுக்கொண்டு போனவர்களின் கருவிதான் அலமாரியில் தூங்குகிறது: எல்லாச் சத்தமும் ஒரே அடியாக மோதினால் யாருக்கும் வெறுத்துப்போகும். பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் பிறகு போடுங்கள்.

அடுத்து ரத்தம். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் உடலில் சேர்வது குறையும்; பி12 குறைந்தால் மறதி வரும். பி12, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் பாருங்கள். சளிக்கு, தூக்கத்துக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளும் வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

மூளைக்கு வேலை என்றால் சுடோகு புத்தகம் வேண்டாம்; சுடோகு போட்டால் பெரும்பாலும் சுடோகுதான் நன்றாக வரும். உழவர் சந்தைக்கு நடந்து போய் வரட்டும். ஐந்து காய்களை வாயால் சொல்லி அனுப்புங்கள், சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும், திணறினால் மட்டும் எடுக்கலாம். வந்ததும் விலையைக் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். போகும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் நடையின் வேகம். அப்படி நாளுக்கு 30 நிமிடம், வாரம் ஐந்து நாள்.

பழகிய தெருவில் வழி தவறினாலோ சில்லறைக் கணக்கு தடுமாறினாலோ நரம்பியல் டாக்டர். திடீரென ஓரிரு நாளில் குழம்பினால், அதுவும் சில வாரம் முன்பு கீழே விழுந்திருந்தால், காத்திருக்காமல் அவசரப் பிரிவு.

தம்பிக்கு: மாநில உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு. செலவுக்குக் காணாது, விடவும் வேண்டாம். பட்டத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000-ஐத் தாண்டக் கூடாது. வயது 40-க்குள், எஸ்.சி., எஸ்.டி.க்கு 45. பலர் கோட்டை விடுவது இரண்டு இடத்தில்: பிளஸ் டூ-வைப் பதிந்துவிட்டுப் பட்டத்தைச் சேர்க்காதது, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காதது. இன்றைக்கே ஆன்லைனில் பார்க்கச் சொல்லுங்கள். உதவித்தொகை வாங்கினால் பதிவு மூப்பு போய்விடும் என்பது வெறும் வதந்தி.

அதைவிடப் பெரிய தொகை வேறு இடத்தில் இருக்கலாம். மில்லில் இ.எஸ்.ஐ. பிடித்தார்களா? அப்படியானால் வேலை இழந்த இ.எஸ்.ஐ. தொழிலாளருக்கான அடல் பீமித் திட்டத்தில் சராசரி தினக்கூலியில் பாதி, 90 நாள் வரை, ஆயுளில் ஒரு தடவை. வேலை போய் 30 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்குக் கிடையாது. காலக்கெடு வைத்து நீட்டித்து வரும் திட்டம் இது, எனவே சம்பளச் சீட்டோடு முதலில் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பிறகு கோரிமேட்டில் உள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு பஸ் ஏறட்டும்.