கிரேக்க ஜோதிடத்தில் ‘டெக்கான்’ என்றால் என்ன? ஒரு ராசிக்கு ஏன் மூன்று?

ஒரு ராசிக்கு 30 பாகை. அதை மூன்றாகப் பிரித்தால் கிடைக்கும் 10 பாகைப் பகுதிதான் டெக்கான். 12 ராசிகளுக்கும் சேர்த்து மொத்தம் 36.

இந்தப் பத்துக் கணக்கு எகிப்தியர்களுடையது. பத்து நாளுக்கு ஒருமுறை, விடியலுக்குச் சற்று முன், ஒரு புதிய விண்மீன் கூட்டம் கீழ்வானில் தலைகாட்டும். இப்படி ஆண்டுக்கு 36 கூட்டங்கள்; இவையே முதல் டெக்கான்கள். இரவில் இவை ஒன்றன்பின் ஒன்றாக எழுவதைப் பார்த்தே மணி சொன்னார்கள். பால் வண்டி வந்துவிட்டது, ஐந்து மணியாகியிருக்கும் என்று நாம் சொல்வதைப் போல. கி.மு. 2100 வாக்கிலேயே சவப்பெட்டி மூடிகளின் உட்புறத்தில் இந்த அட்டவணையை எழுதிவைத்தார்கள். இறந்தவருக்கும் இரவில் நேரம் தெரிய வேண்டும் என்ற அக்கறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறகு எகிப்து கிரேக்கர் ஆட்சிக்குள் வந்தது. பாபிலோனிய ராசிச் சக்கரத்தோடு இந்த 36-உம் இணைந்தன. எகிப்தின் டெண்டெரா கோயிலின் கூரைச் சிற்பத்தில் இரண்டையும் சேர்த்தே காணலாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோள் அதிபதியானது.

நம் ஜோதிடத்தின் திரேக்காணமும் இதுவும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். பிரிக்கும் முறை ஒன்றுதான், அதிபதிகள் வேறு. மேஷத்தின் மூன்றாம் பகுதி அங்கே பரவலான முறைப்படி சுக்கிரனுக்கு, இங்கே குருவுக்கு.