காரில் கோல்ட் ஏர் இன்டேக் போட்டிருக்கிறேன்; மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் எப்படிப் பாதுகாப்பது?

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹாட்ச்பேக். கம்பெனி ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய கிட் போட்டிருக்கிறீர்கள், அதாவது என்ஜின் சூட்டை விட்டுத் தள்ளி, குளிர்ந்த வெளிக்காற்றை இழுக்கும் குழாயும் ஃபில்டரும். கோன் ஃபில்டர் முன் பம்பரின் மூலையில், ஃபாக் லேம்ப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஓட்டுவது சென்னையில். ஃபில்டருக்கு மேலே ஒரு வாட்டர் ப்ரூஃப் கவர் வாங்கி மாட்டினால் மழைக்காலத்தைத் தாண்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மழையைத் தாண்டலாம். தேங்கிய தண்ணீரைத் தாண்ட முடியாது. கடைக்காரர் இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் கவரை விற்பார், அதனால் முதலில் இதைப் பிரித்துக்கொள்வோம்.

மேலிருந்து விழும் மழையும், சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும் ஃபில்டரை நனைக்கும். வண்டி கொஞ்சம் இழுவை குறையும், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டியில் செக் என்ஜின் விளக்குகூட எரியலாம். கொஞ்சம் ஈரம் காற்றோடு உள்ளே போனாலும் என்ஜின் அதை ஆவியாக்கி வெளியே தள்ளிவிடும். ஃபில்டர் முழுசாகத் தண்ணீரில் மூழ்கினால்தான் ஆபத்து. இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது மாதிரி என்ஜின் தண்ணீரை இழுக்கும். ஃபில்டரிலிருந்து த்ராட்டில் (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவு) வரை இரண்டடி ஏற்றம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கக் குழாய்க்குள் அழுத்தம் 6 சதவீதம் குறைந்தால் போதும். காற்று வரும் வழி அடைபட்ட என்ஜினுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

எவ்வளவு தண்ணீர் போனால் என்ஜின் போகும்? உங்கள் வண்டியில் ஒரு சிலிண்டர் 300 சிசி. கம்ப்ரெஷன் விகிதம் 10:1 என்று வையுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 33 மில்லிதான். அதற்கு மேல் ஒரு சொட்டு இருந்தாலும் பிஸ்டன் மேலே வர முடியாது, ஏனென்றால் தண்ணீர் அமுங்காது. ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் மற்ற சிலிண்டர்களும் ஃப்ளைவீலும் அந்தப் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது பிஸ்டனைக் கீழே உள்ள கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட், அது வளைந்துவிடும். சில சமயம் உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். இதைத்தான் ஹைட்ரோ லாக் என்கிறார்கள். டீசல் என்ஜினில் கம்ப்ரெஷன் அதிகம் என்பதால் இந்த 33 மில்லிகூடத் தேவையில்லை.

எனவே கவர் வாங்குவதற்கு முன் ஒரு இன்ச் டேப் எடுங்கள். வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, தரையிலிருந்து ஃபில்டரின் அடி விளிம்பு வரைக்கும், பிறகு மேல் விளிம்பு வரைக்கும் அளந்து பாருங்கள். பம்பர் மூலையில் வைக்கும் கிட்களில் அடி விளிம்பு பெரும்பாலும் சக்கரத்தின் மையத்துக்குக் கீழேதான் வரும். 185/65 ஆர் 15 டயர் என்றால் அந்த மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி. கம்பெனி பாக்ஸின் மூக்கு இருப்பது ரேடியேட்டரின் தலைமாட்டில், பானட் விளிம்பை ஒட்டி. அந்த உயரத்தைத்தான் இந்தக் கிட்டுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அடி விளிம்பின் உயரத்தில் பாதிவரை தண்ணீர் நின்றால் அதுதான் உங்கள் எல்லை என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். வண்டி நகரும்போது பம்பருக்கு முன்னால் அலை எழும்பும், எதிரே வரும் மாநகரப் பேருந்து தன் பங்குக்கு இன்னொரு அலையை அனுப்பும். நின்ற தண்ணீரில் அரை அடி என்பது ஓட்டும்போது அரை அடியாக இருக்காது.

இனி சக்கரம் அடிக்கும் தண்ணீருக்கு வருவோம். இதற்குப் பெரிய காரணம் பெரும்பாலும் ஃபில்டர் இல்லை, லைனர். முன் சக்கரத்துக்கும் பம்பர் மூலைக்கும் நடுவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். கிட் மாட்டுகிறவர் குழாய்க்கு இடம் பண்ண அதைக் கழற்றுவார். திரும்ப மாட்டும்போது இரண்டு மூன்று கிளிப் உடைந்திருக்கும், மீதியை வைத்து ஒப்பேற்றிவிடுவார். சில இடங்களில் மாட்டாமலேயே அனுப்பிவிடுகிறார்கள். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு லைனரின் முன்பக்க விளிம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். விரல் உள்ளே போகிற அளவு வாய் பிளந்தால், சக்கரம் வாரும் தண்ணீர் நேராக ஃபில்டர் மேல்தான். புதுக் கிளிப்புகள் உதிரிபாகக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். குழாய்க்காக லைனரை வெட்டியிருந்தால், வெட்டிய இடத்தைக் கெட்டியான ரப்பர் ஷீட்டால் மூடி ரிவெட் அடிக்கச் சொல்லுங்கள். பம்பருக்கு அடியில் வரும் தட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அதையும் கழற்றி மூலையில் போடுவது வழக்கம்.

லைனர் சரியான பிறகு கவர். கே அண்ட் என் கம்பெனியின் ட்ரைசார்ஜர், இன்ஜென் கம்பெனியின் ஹைட்ரோ ஷீல்ட் மாதிரியானவை ஃபில்டர் மேல் உறைபோல மாட்டும் துணி. தண்ணீர் ஒட்டாத பூச்சு கொண்டவை, துளிகளை உருட்டி விட்டுவிடும், காற்றை விடும். நல்ல பொருள்தான், வாங்குங்கள். ஆனால் காற்று போகும் துணி தண்ணீருக்குள் மூழ்கினால் தண்ணீரும் போகும். பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடும் யோசனையை யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், என்ஜினுக்குக் காற்று வேண்டாமா? குழாயின் தாழ்வான இடத்தில் துளை போட்டுத் தண்ணீரை வடிக்கும் யோசனையும் உண்டு. வெயில் காலம் முழுக்க அந்தத் துளை வழியாக வடிகட்டாத தூசி சிலிண்டருக்குப் போகும். ஆகாது.

மூழ்குவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் ஒன்று உண்டு, பைபாஸ் வால்வ். ஏஇஎம் கம்பெனி விற்பது பிரபலம். குழாயை மேலே ஓரிடத்தில் வெட்டி நடுவில் மாட்ட வேண்டும். சுற்றிலும் துளைகள், உள்ளே ஃபோம் தடுப்பு. ஃபில்டர் அடைபட்டுக் குழாய்க்குள் அழுத்தம் குறைந்தவுடன் தடுப்பு திறந்து அங்கிருந்தே காற்றை விடும். தண்ணீரைத் தூக்குகிற இழுவை போய்விடுவதால் தண்ணீர் மேலே ஏறாது. யோசனை சுத்தமானது, ஆனால் நிபந்தனைகள் இருக்கின்றன. வால்வ் இருக்கும் இடம் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். மாஃப் சென்சார் உள்ள வண்டியில் சென்சாருக்கும் ஃபில்டருக்கும் நடுவில் வர வேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். டர்போ, சூப்பர்சார்ஜர் வண்டிகளுக்கு வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். உங்கள் வண்டி சாதா பெட்ரோல் என்பதால் போடலாம்.

என்னைக் கேட்டால், அக்டோபர் முதல் வாரம் கம்பெனி பாக்ஸைத் திரும்ப மாட்டிவிடுங்கள். சென்னையின் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. பொங்கல் கழிந்த பிறகு கிட்டைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பத்து எம்எம் ஸ்பேனரும் வைத்து வீட்டிலேயே முடிக்கிற வேலை, பம்பரைத் தளர்த்தத் தேவையிருந்தால் மட்டும் ஷெட்டுக்குப் போக வேண்டியிருக்கும். பவர் குறையுமே என்பீர்கள். காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி கூடுவது 3 சதவீதம்தான். நவம்பரில் வெளிக்காற்றே குளிர்ந்துதான் இருக்கிறது, கம்பெனி பாக்ஸும் அந்த வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. டிராஃபிக்கில் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும் மூன்று மாதத்துக்கு எதற்கு இந்த ரிஸ்க்? பழைய பாக்ஸைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இன்னொரு வழி உண்டு: சில கிட்களில் குழாய் இரண்டு துண்டாக வரும். கீழ்த் துண்டைக் கழற்றி ஃபில்டரை மேல் துண்டிலேயே மாட்டினால் அது பானட்டுக்குள் உயரமாக உட்காரும். என்ஜின் சூட்டை இழுக்கும், சத்தமும் கூடும், ஆனால் தண்ணீருக்கு எட்டாது.

கிட்டோடுதான் ஓட்டுவேன் என்றால், கணேசபுரம், துரைசாமி போன்ற சப்வே பக்கம் மழை நாளில் போகவே வேண்டாம். தண்ணீர் எவ்வளவு என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. பார்க்கிங்கும் முக்கியம். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்கள் செய்தது சரி. நிறுத்திய வண்டியைச் சுற்றித் தண்ணீர் ஏறி இறங்கியிருந்தால், சாவி போடும் முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். குழாயின் கீழ் வளைவில் தேங்கியிருக்கும் தண்ணீர், ஸ்டார்ட் செய்தவுடன் மேலே போகும்.

தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த வண்டி தண்ணீரை இழுத்து நின்றால் ராட் தப்பிக்க வாய்ப்பு இருக்கிறது, இரண்டாவது மூன்றாவது முறை செல்ஃப் அடிக்கும்போது அந்த வாய்ப்பும் போய்விடும். தள்ளியோ டோ செய்தோ வெளியே கொண்டுவாருங்கள். மெக்கானிக் நாலு ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றி, தண்ணீர் இருந்தால் ப்ளக் துளை வழியாக வெளியேற்றுவார். ஆயில் டிப் ஸ்டிக்கில் பால் கலந்த டீ நிறம் தெரிந்தால் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இன்சூரன்ஸில் பம்பர் டு பம்பர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது பாகங்களின் தேய்மானக் கழிவுக்குத்தான், தண்ணீர் போய் என்ஜின் கெட்டால் பொதுவாக வராது. அதற்கு என்ஜின் ப்ரொடெக்ட் என்று தனியாக எடுக்க வேண்டும். கிட் போட்டதைப் பாலிசியில் தெரிவிக்காமல் விட்டிருந்தால், க்ளெய்ம் சமயத்தில் சர்வேயர் முதலில் கை வைப்பது அந்தக் கோன் ஃபில்டரில்தான்.

இன்னொன்று, வாட்டர் சர்வீஸ். பானட்டைத் திறந்து பிரஷர் கன்னால் அடிக்கும் பையனிடம் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். பம்பர் கிரில் வழியாகவும் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் நனைந்துவிட்டால் நிழலில் தானாக உலர விடுங்கள். ஹேர் ட்ரையர் சூட்டில் பருத்தி சுருங்கும், கம்ப்ரெஸர் காற்று பிடித்தால் கிழியும். உலர்ந்த பிறகு அதற்கான எண்ணெயை அளவாகத் தடவுங்கள். ஜாஸ்தியானால் அது போய் மாஃப் சென்சார் கம்பியில் ஒட்டிக்கொள்ளும்.